கேஸ் கசிவைக் கண்டுபிடித்துக் காப்பீடு செய்வது எப்படி? குமரி மாவட்டக் குளிர்கிடங்கு, பயோகேஸ் கூடங்களுக்கு முழுமையான வழிகாட்டி

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களை ஒட்டி மீன் குளிர்கிடங்கு நடத்துகிறவர்களுக்கும், பயோகேஸ் தொட்டி வைத்திருக்கும் உணவு, மரவள்ளி, ரப்பர் கூடங்களுக்கும் இந்த வழிகாட்டி. இங்கே பேசுவது குளிரூட்டும் கேஸும் பயோகேஸின் மீத்தேனும் கசிவதைப் பற்றி. இரண்டும் பூமியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயுக்கள். ஐஸ் ஆலைகளில் ஓடும் அம்மோனியா பசுமை இல்ல வாயு அல்ல. அது நச்சு வாயு, அதற்கான பாதுகாப்பு முறைகள் வேறு. ஐஸ் ஆலை அம்மோனியா கடைசியில் காப்பீட்டுப் பகுதியில் மட்டும் தலைகாட்டும்.

வேலையின் வரிசையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதலில் பாலிசி எடுக்கிறார்கள், கசிந்த பிறகு கருவி தேடுகிறார்கள், கணக்கு மட்டும் எழுதுவதே இல்லை. கணக்கு முதலில் வர வேண்டும். அதன் பிறகு தேடல், பிறகு பழுது, இவை மூன்றின் தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு காப்பீடு. கணக்கு இல்லாதவருக்குக் கசிவு தெரிவதும் தாமதம், இழப்பீடு கிடைப்பதும் தாமதம்.

1. எந்தக் கேஸ், எத்தனை கிலோ

கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். கேஸின் பெயரும், முழு நிரப்பளவும் அதில் இருக்கும். உப்புக்காற்றில் எழுத்து அரித்துப் போயிருந்தால், நிறுவியபோது கொடுத்த கமிஷனிங் தாளைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், அடுத்த பெரிய பழுதின்போது கேஸ் முழுவதையும் வெளியே எடுத்து எடை போட்டு, சரியாக நிரப்பிய பிறகு அந்த எடையை எழுதி வையுங்கள். அதுவரை உங்களிடம் இருப்பது ஊகம்தான்.

பெயர் ஏன் முக்கியம் என்றால், எல்லாக் கேஸும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழுவான ஐபிசிசியின் நான்காம் அறிக்கையின் 100 ஆண்டுக் கணக்குப்படி, 1 கிலோ ஆர்-404ஏ வெளியேறுவது 3,922 கிலோ கரியமில வாயு வெளியேறுவதற்குச் சமம். ஆர்-410ஏ 2,088, ஆர்-22 1,810, ஆர்-134ஏ 1,430, ஆர்-32 675. மீன் கிடங்குகளில் இன்னும் அதிகம் புழங்கும் ஆர்-404ஏதான் இந்த வரிசையில் மிக மோசமானது.

ஆர்-22 ஓசோனையும் அரிக்கும். 2030-க்குள் அதைக் கைவிட இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆர்-404ஏ போன்றவற்றுக்கு, இவ்வகைக் கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தப்படி 2028-இல் உச்சவரம்பு தொடங்குகிறது. ஆக, இன்று கசியவிடும் கேஸை நாளை கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எடை மேசை ஒன்று. சிலிண்டரைத் தாங்கும் அளவும், 50 கிராம் வித்தியாசத்தைக் காட்டும் துல்லியமும் இருந்தால் போதும். ரெகுலேட்டர் பொருத்திய நைட்ரஜன் சிலிண்டர். நைட்ரஜன் உருளைக்குள் 150 பார் வரை அழுத்தம் இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. கேஸை மீட்டெடுக்கும் இயந்திரமும் காலி சிலிண்டரும். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்கம் பம்ப், அதோடு உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை மைக்ரான் அளவில் காட்டும் கேஜ். உங்கள் கேஸுக்கு ஏற்ற எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர். பாத்திரம் கழுவும் திரவமும் கொஞ்சம் கிளிசரினும் கலந்த சோப்புத் தண்ணீர், ஒரு பெயின்ட் பிரஷ், நல்ல டார்ச் லைட்.

இவை எல்லாவற்றையும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. மீட்பு இயந்திரமும் வாக்கம் பம்பும் மெக்கானிக் கொண்டு வரலாம். எடை மேசையும் நோட்டும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். கேஸ் எவ்வளவு போனது என்று தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்.

ஒரு எச்சரிக்கை. தீச்சுடர் பச்சையாக மாறுவதைப் பார்த்துக் கசிவைச் சொல்லும் பழைய ஹேலைடு டார்ச் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது குளோரின் உள்ள கேஸை மட்டுமே காட்டும். ஆர்-22-க்கு வேலை செய்யும். ஆர்-404ஏ, ஆர்-134ஏ இரண்டிலும் குளோரின் கிடையாது. சுடர் நிறம் மாறவில்லை என்று கசிவே இல்லை என முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள். எரியும் தன்மையுள்ள ஆர்-32, ஆர்-290 (புரொப்பேன்) பக்கம் அந்தச் சுடரைக் கொண்டு போனால் உயிருக்கே ஆபத்து.

3. எந்த மாதத்தில் தேடுவது

முழுச் சோதனைக்கு அறை காலியாக, பனி உருகி இருக்க வேண்டும். மீன் நிறைந்த கிடங்கில் யாரும் மனது வந்து இயந்திரத்தை நிறுத்தமாட்டார்கள். அதனால் மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள், கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தார் முதல் கணக்கிலும், சின்னமுட்டத்தார் இரண்டாம் கணக்கிலும் வருவார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை போதுமா? 100 கிலோ ஆர்-404ஏ வைத்திருப்பவருக்குப் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒரு நல்ல அளவுகோல். நிரப்பளவை 1-ஆம் பகுதியில் சொன்ன எண்ணால் பெருக்கி, கரியமில வாயுக் கணக்கில் 5 முதல் 50 டன்னுக்குள் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை, 50 முதல் 500 டன் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. 60 கிலோ ஆர்-404ஏ என்றால் சுமார் 235 டன். ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை.

4. எடைக் கணக்கு

எல்லாக் கருவிக்கும் முந்தியது இது. செலவும் இல்லை.

கேஸ் ஏற்றும் ஒவ்வொரு தடவையும் சிலிண்டரை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். “ஒரு சிலிண்டர் ஏத்துனோம்” என்று எழுதினால் அதில் பாதி மிஞ்சி வண்டியில் திரும்பிப் போனது யாருக்கும் தெரியாது.

பிறகு இந்தக் கணக்கு. ஏற்றிய கிலோவை முழு நிரப்பளவால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, முந்தைய தடவை முழுதாக நிரப்பியதிலிருந்து கழிந்த நாட்களால் வகுக்க வேண்டும். 60 கிலோ அமைப்பில் 122 நாளில் 3 கிலோ குறைந்திருந்தால், ஆண்டுக் கசிவு 15 சதவீதம். ஆண்டுக்கு 9 கிலோ, அதாவது 35 டன்னுக்கும் மேலான கரியமில வாயுவுக்குச் சமம். 13,000 லிட்டர் டீசலை எரித்தால் வரும் புகைக்கு ஈடு. கண்ணுக்குத் தெரியாமல், மணம்கூட இல்லாமல் போய்விடுகிறது.

அதிகம் நடக்கும் தவறும் இங்கேதான். அறை குளிரவில்லை என்று ஆள் கூப்பிட்டால், “கேஸ் கொறஞ்சிருக்கு அண்ணாச்சி, ஏத்தி விட்டிரலாமா?” என்பதுதான் முதல் பேச்சு. ஏற்றியதும் குளிர்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மூடிய குழாயில் ஓடும் கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்து போகிற பொருள் அல்ல. குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் ஏற்றுவது கசிவை மறைப்பதுதான். இடத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றக் கூடாது என்பதைக் கூடத்தின் சட்டமாகவே வையுங்கள்.

குழாயில் கேஸ் ஓடுவதைக் காட்டும் சைட் கிளாஸ் கண்ணாடியில் குமிழி தெரிவதை மட்டும் நம்ப வேண்டாம். ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையர் அடைத்திருந்தாலும் குமிழி வரும். திரவக் கேஸைச் சேமிக்கும் ரிசீவர் உள்ள அமைப்பில் கேஸ் கணிசமாகக் குறையும் வரை குமிழி வராமலும் இருக்கும்.

5. முதலில் கண், அப்புறம் கருவி

கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் ஓடுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் துளித்துளியாக வெளிவந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றியுள்ள செம்பு பச்சை பூத்திருக்க, நட்டுக்குக் கீழே மட்டும் நகக்கண் அளவுக்குக் கருத்த, ஈரப்பசையான பூச்சு இருந்தால் விரலால் தொடுங்கள். வழவழப்பாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, துடைத்துவிட்டு மேலே போங்கள்.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. சர்வீஸ் வால்வுகளின் மூடிகள் முதலில். உள்ளே இருக்கும் ஷ்ரேடர் ஊசி தனியாகக் கேஸை முழுவதும் தாங்காது, மூடிதான் கடைசி அடைப்பு. மூடி தொலைந்த வால்வுதான் மிக மலிவான கசிவு. அடுத்து ஃபிளேர் இணைப்புகள், பிறகு அதிரும் குழாய்கள் கிளாம்பில் உரசும் இடங்கள், பிறகு தீயில் உருக்கி ஒட்டிய பிரேசிங் மூட்டுகள், கடைசியாகக் காயில்கள் எனும் வளைகுழாய்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய மூன்று காரணங்கள் இருக்கின்றன. வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரில் கடலின் உப்பு படிந்து, அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் ஒட்டும் இடத்தில் அரிப்பு தொடங்கும். இரண்டாவது, ரப்பர் பாலில் கலக்கும் அம்மோனியா. அது பித்தளை நட்டில் மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். மூன்றாவது, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம். அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்தால் செம்புக் குழாயில் எறும்புப் புற்று போல வளைந்து வளைந்து துளை போகும். வெளியே ஊசிமுனை அளவு தெரியும், உள்ளே குழாய்ச் சுவரே சல்லடையாகியிருக்கும். அப்படிப்பட்ட காயிலை ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அமிலக் கேனையும் ஏசி காயிலையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

6. டிடெக்டரை ஓட்டும் முறை

அதிக அழுத்தப் பக்கத்தை இயந்திரம் ஓடும்போது சோதியுங்கள். குறைந்த அழுத்தப் பக்கத்தை நிறுத்திய பிறகு சோதியுங்கள். ஓடும்போது, அறையைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் பக்கம் அழுத்தம் குறைவு, கசிவும் குறைவு. நிறுத்தினால் இரு பக்கமும் சமமாகி அங்கே அழுத்தம் ஏறும், அடங்கியிருந்த கசிவு வெளிப்படும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமலேயே பல காயில்களுக்கு “கசிவு இல்லை” என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

விசிறிகளை நிறுத்துங்கள். டிடெக்டரைச் சுத்தமான காற்றில் இயக்கிப் பூஜ்யம் செய்யுங்கள். மூட்டிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, நொடிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்துங்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கீழே இறங்கும். அதனால் முனை மூட்டின் அடியில் போக வேண்டும். மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஒலி வந்ததும் முனையை விலக்கி, மறுபடி காட்டி, மூன்று தடவையும் ஒரே இடத்தில் ஒலித்தால்தான் நம்ப வேண்டும். பெயின்ட், கழுவும் ரசாயனம், மீன் கழிவின் வாடை எல்லாம் சில சென்சாரை ஏமாற்றும்.

எவாப்பரேட்டர் காயில் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. விசிறியை நிறுத்திக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு டிரெயின் குழாயின் வெளி வாயில் முனையைக் காட்டுங்கள், தண்ணீர் மட்டும் உள்ளே போய்விடக் கூடாது. கனமான கேஸ் தட்டில் தேங்கி அந்த வழியாகத்தான் இறங்கும். ஒலித்தால் காயிலைக் கழற்றிப் பார்க்கலாம், ஒலிக்காவிட்டால் ஒரு நாள் வேலை மிச்சம்.

துல்லியமான இடத்தைச் சோப்பு நுரைதான் சொல்லும். பிரஷில் தடவிவிட்டுக் குறைந்தது மூன்று நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு உடனே கொப்பளிக்கும். சின்னக் கசிவில், முட்டையின் வெள்ளைக்கரு போல நுரை மெல்ல மெல்ல வெளுத்துத் திரளும், குமிழி வெடிக்காது. அவசரக்காரர்கள் தவறவிடுவது அதைத்தான். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

மூடிய கிடங்குக்குள் பெரிய கசிவு என்று சந்தேகம் வந்தால், கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டு, ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்கு மேல் காட்டிய பிறகே உள்ளே போங்கள். இந்தக் கேஸ் நஞ்சு இல்லை என்று சொல்வார்கள். மூச்சுக்கு இடமில்லாமல் செய்ய நஞ்சாக இருக்க வேண்டியதில்லை.

7. நைட்ரஜன் சோதனை

டிடெக்டரில் பிடிபடாத கசிவுக்கும், பழுதுக்குப் பிந்தைய உறுதிக்கும் இது வேண்டும். கேஸை முழுவதும் மீட்டெடுத்த பிறகு உலர் நைட்ரஜனை, தகட்டில் சொன்ன சோதனை அழுத்தத்தைத் தாண்டாமல், படிப்படியாக ஏற்றுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்தால் குழாய் வெடிகுண்டாகிவிடும். சாதாரண அமுக்கக் காற்றும் வேண்டாம், ஈரம் ஏறும்.

குறைந்தது 12 மணி நேரம் விடுங்கள். ஏற்றியபோதும் பார்க்கும்போதும் வெப்பநிலையைக் குறியுங்கள், இல்லையென்றால் இல்லாத கசிவைத் தேடி அலைவீர்கள். மாலை 33 டிகிரியில் 20 பார் ஏற்றினால், விடியற்காலை 26 டிகிரியில் கசிவே இல்லாமல் சுமார் 19.5 பார்தான் காட்டும். வெப்பம் இறங்கினால் அழுத்தமும் இறங்கும். 19.5-க்கும் கீழே போன அளவுதான் கசிவு.

8. பழுது, வாக்கம், நிரப்பல்

கேஸ் உள்ளே இருக்கும்போது பிரேசிங் தீயைக் காட்டாதீர்கள். சூட்டில் சிதைந்து நச்சுப் புகை வரும். கேஸைக் காற்றில் திறந்து விடுவதும் தவறு. மீட்பு இயந்திரத்தால் சிலிண்டரில் எடுங்கள், சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு சிலிண்டரில் ஒரே கேஸ். ஆர்-22-உம் ஆர்-404ஏ-வும் கலந்துவிட்டால் இரண்டுமே வீண்.

பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் மெல்லிய நைட்ரஜன் ஓட்டம் இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே கறுத்த ஆக்சைடுச் செதில் படிந்து பின்னால் வால்வை அடைக்கும். அமைப்பைத் திறந்தாலே ஃபில்டர் டிரையரை மாற்றுங்கள்.

வாக்கம் 500 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும். பம்பை அடைத்து அரை மணி நேரம் பாருங்கள். ஏறி, 1,000 பக்கம் போய் நின்றுவிட்டால் ஈரம் இருக்கிறது, மறுபடி இழுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு மிச்சம் இருக்கிறது. ஆர்-404ஏ-வோடு ஓடும் பிஓஇ என்ற கம்ப்ரசர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில், எண்ணெய் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதுகூட ஒரு தவறுதான்.

வாக்கம் நின்றது என்பதால் நைட்ரஜன் சோதனையைத் தவிர்க்காதீர்கள். வாக்கத்தில் வித்தியாசம் ஒரு பார்தான், அதுவும் வெளியிலிருந்து உள்ளே. ஓடும்போது அழுத்தம் பல மடங்கு, உள்ளிருந்து வெளியே.

ஆர்-404ஏ மூன்று கேஸ்களின் கலவை. அதனால் சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும், ஆவியாக எடுத்தால் கலவை விகிதம் மாறும். எடை போட்டு நிரப்பி, நோட்டில் எழுதுங்கள்.

9. பயோகேஸ் தொட்டி

விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வளப் பிரிவு உருவாக்கிய சக்தி சுரபி போன்ற வீட்டுத் தொட்டி முதல் ஆலைத் தொட்டி வரை, விதி ஒன்றுதான். மீத்தேன் எரிந்தால் எரிபொருள், எரியாமல் போனால் கேடு. 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு. நாளுக்கு 10 கன மீட்டர் பயோகேஸ், அதில் 60 சதவீதம் மீத்தேன், கசிந்துகொண்டே இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 1,470 கிலோ மீத்தேன், கிட்டத்தட்ட 40 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

கேஸ் மீட்டர் வைத்து, போட்ட கழிவுக்கும் வந்த கேஸுக்கும் தினக் கணக்கு எழுதுங்கள். கழிவு அதே அளவு இருக்க, கேஸ் மட்டும் ஒரு வாரமாக இறங்கினால் இரண்டில் ஒன்று. தொட்டியில் நுண்ணுயிர் சோர்ந்திருக்கிறது, அல்லது கசிகிறது. தொட்டி நீரின் அமிலத்தன்மை சரியாக இருந்தால் கசிவைத் தேடுங்கள்.

பெரும்பாலும் அகப்படுவது குழாயின் தாழ்ந்த இடத்தில் ஈரத்தைச் சேகரிக்கும் நீர்ப் பொறி. கேஸ் அழுத்தம் 10 சென்டிமீட்டர் நீர்மட்டம் என்றால், பொறியில் 25 சென்டிமீட்டர் தண்ணீராவது நிற்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தத் தண்ணீர் வற்றி, கேஸ் சத்தமில்லாமல் அந்த வழியே போகும். வாரம் ஒரு நாள் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. மிதக்கும் தொட்டிகளில் சுற்று நீர்ப்பள்ளத்துக்கும் இதே கவனிப்பு.

குழாயைச் சோதிக்க, இரு பக்க வால்வையும் மூடி, யூ வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றிய மானோமீட்டரில் பத்து நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினால் சோப்புத் தண்ணீர். தொட்டியையே இப்படிச் சோதிக்க முடியாது, உள்ளே கேஸ் ஊறிக்கொண்டே இருக்கும்.

மீத்தேன் காற்றை விட லேசானது, அலாரம் கூரைக்கு அருகில் இருக்க வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். வினையூக்கி வகைச் சென்சார் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும், அதனால் குழாய்க்குள் நுழைத்துப் பார்த்தால் பொய் சொல்லும். பக்கத்தில் சிலிகோன் பசை பூசினாலும் அது செத்துப் போகும்.

பயோகேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்” என்று யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

அடுப்புக்குப் போக மிஞ்சும் கேஸைத் திறந்து விடாமல் எரித்துவிடுங்கள்.

10. நிலையான அலாரம்

குளிர்கிடங்கில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், கம்ப்ரசர் அறையில் ஒன்று, எவாப்பரேட்டர் உள்ள அறையில் ஒன்று. கதவுக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வேண்டாம். முதல் ஒலி 500 பிபிஎம்மில், வெளியேறும் ஒலி 1,000-இல் இருக்கலாம். ஆர்-404ஏ-வுக்கு எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 1,000. அலாரம் பெரிய கசிவுக்குத்தான். ஆண்டுக்கு 15 சதவீதம் போகும் மெல்லிய கசிவை அது காட்டாது, அதைக் காட்டுவது எடைக் கணக்கு.

11. எந்த பாலிசி எதைத் தாங்கும்

இங்கே வாடிக்கையான நம்பிக்கை, “தீ பாலிசி இருக்கு, எல்லாம் அடங்கும்” என்பது. அடங்காது.

ஓர் இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி வரை இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இரண்டும் 2021 ஏப்ரல் 1 முதல் உள்ளவை. தீ, வெடிப்பு, புயல், வெள்ளம் இவற்றால் வரும் சேதம் இதில் வரும். பயோகேஸ் வெடித்தால் இதைத்தான் பார்க்க வேண்டும். இயந்திரம் தானாகப் பழுதாவது வராது. வெப்பநிலை மாறியதால் மீன் கெடுவதும் தீ பாலிசியின் வேலை அல்ல.

இயந்திரப் பழுதுக்கு மெஷினரி பிரேக்டவுன் பாலிசி. கசிவால் கம்ப்ரசர் சூடாகி எரிந்தால் அந்தச் செலவு இதில். ஆனால் தேய்மானமும் துருவும் விலக்கு. உப்பு அரித்த காயிலுக்கு இழப்பீடு எதிர்பார்க்காதீர்கள்.

கெட்ட சரக்குக்குத் தனி பாலிசி, டெட்டீரியரேஷன் ஆஃப் ஸ்டாக்ஸ். மெஷினரி பிரேக்டவுன் இருந்தால்தான் இதைத் தருவார்கள். இயந்திரம் நின்றதிலிருந்து குறிப்பிட்ட மணி நேரம் வரை இழப்பீடு இல்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணைப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கும் வேலையாட்கள் அல்லாத மற்றவர்களுக்கும் நேரும் பாதிப்புக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு. மாசுக்கு இதில் “திடீரென, எதிர்பாராமல்” நடந்தது மட்டுமே வரும். மெல்லக் கசிந்தது வராது. 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட ஆபத்தான பொருட்களை வரம்புக்கு மேல் கையாளுகிறவர்களுக்கு இது கட்டாயம். அந்தப் பட்டியலில் அம்மோனியா உண்டு. ஐஸ் ஆலைக்காரர்கள் தங்கள் இருப்பளவை அந்த வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த பாலிசிகள் உங்கள் சொத்துக்கும் பிறர் பாதிப்புக்கும் பணம் தரும். வானத்துக்குப் போன கேஸுக்கு இவற்றில் ஒரு வரிகூட இல்லை. அதைத் தடுப்பது 4 முதல் 10 வரை சொன்ன வேலைகள் மட்டுமே.

12. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

வெளியேறிய கேஸின் விலை உண்டா? எண்ணெய் போன்ற இயங்குபொருட்களை பாலிசி விலக்கும்போது கேஸும் அதில் போய்விடலாம். உண்டு என்றால் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் கணக்கில் வராது.

பொது மின்தடை உண்டா? 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்வாரியத் தடையால் மீன் கெடுவது பொதுவாக அடிப்படைப் பாலிசியில் இருக்காது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

சரக்கை வேறு கிடங்குக்கு மாற்றும் செலவு உண்டா?

காப்பீட்டுத் தொகை சரியா? 40 லட்சம் சரக்குக்கு 30 லட்சம் மட்டும் போட்டிருந்தால், 8 லட்சம் இழப்புக்கு 6 லட்சம்தான் வரும், அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு கழியும். சூக்ஷ்ம உத்யமில் 15 சதவீதம் வரை குறைவைப் பொருட்படுத்தமாட்டார்கள், சரக்குப் பாலிசியில் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். இயந்திரத்துக்கு வாங்கிய விலையைப் போடாமல், இன்று புதிதாக வாங்கினால் ஆகும் விலையைப் போடுங்கள்.

விண்ணப்பத்தில் பழைய கசிவுகளை மறைக்க வேண்டாம். மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியே நிற்காது. தடைக்காலச் சோதனை அறிக்கையை இணைத்துக் கொடுங்கள். புதுப்பிக்கும் தேதி ஆகஸ்டில் விழுவது போல அமைத்துக்கொண்டால் அறிக்கை புதிதாக இருக்கும், ஆனால் தேதியை மாற்றும்போது நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது.

13. கசிந்த நாளில்

ஆட்களை வெளியேற்றிக் காற்றோட்டம் விடுங்கள். கசிவு எவாப்பரேட்டர் பக்கம் என்றால், ரிசீவரின் வெளியேறும் வால்வை மூடிக் கம்ப்ரசரை ஓட்டி, மிச்சக் கேஸை ரிசீவருக்குள் இழுத்துப் பூட்டுங்கள். கண்டென்சர் பக்கம் என்றால் அப்படிச் செய்யாதீர்கள், கசியும் பக்கத்துக்கே கேஸைத் தள்ளுவீர்கள். நிறுத்திவிட்டு மீட்பு இயந்திரத்தைக் கொண்டு வாருங்கள்.

அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், மின்னஞ்சல் போதும். அறை வெப்பநிலையையும் மீனின் நடுவெப்பத்தையும் மணிக்கொரு முறை எழுதிப் படம் எடுங்கள். உடைந்த நட்டையோ காயிலையோ காயலான் கடைக்குப் போடாமல் சீட்டு ஒட்டிப் பையில் வையுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் சரக்கைக் கொட்டாதீர்கள். கொட்டச் சொல்லி அதிகாரி உத்தரவிட்டால் அதை எழுத்தில் வாங்கி, எடை போட்டு, மாதிரி எடுத்துவிட்டுக் கொட்டுங்கள்.

சர்வேயரின் முதல் கேள்வி, எப்போதிலிருந்து கசிந்தது என்பதுதான். நேற்று வரை அழுத்தமும் வெப்பநிலையும் சீராக, ஆறு மாதமாகக் கேஸ் ஏற்றாமல் இருந்த நோட்டுதான் திடீர்க் கசிவுக்குச் சான்று. ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே இரவில் எழுதிய நோட்டை அவர்கள் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வார்கள். அப்படி எழுதுவதை விட நோட்டே இல்லை என்று சொல்வது மேல்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, தனியாள் உரிமைக் கூடங்களும் குறுந்தொழில்களும் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு நடுவரிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை.

பழுது முடிந்து 30 நாளுக்குள் அதே மூட்டை மறுபடி டிடெக்டரால் பாருங்கள். ஓடும் சூட்டிலும் அதிர்விலும் சரியாக இறுகாத நட்டு அந்த ஒரு மாதத்தில்தான் தளரும். பார்த்த தேதியையும், அன்றைய அழுத்தத்தையும், கசிவு இல்லை என்பதையும் நோட்டில் எழுதி, பழைய கசிவின் வரிக்குப் பக்கத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.